ஆத்தாவைத் தூக்கிய சம்பந்தி

என் அக்கா மகளின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவன் நான்தான். அதுவும் ஒரு கிண்ணம் சந்தனத்தை வைத்துக்கொண்டு. எழுதிக்கொள்ளலாம் என்று அவளே இப்போது அனுமதி கொடுத்துவிட்டாள். "யார் பேரையும் போடாத மாமா, மானம் போவும்" என்று ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்.

அந்தப் பையனை வீட்டுக்குக் கூட்டி வந்தவனும் நான்தான். மறைமலைநகரில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் புது மிஷின் மாட்ட வந்தவன். கேன்டீன் சாம்பாரைத் தின்று தின்று முகம் செத்துப் போயிருந்தான். பாவமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அணுபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துப்போய் வஞ்சிரக் குழம்பு ஊற்றினேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அன்றைக்குத்தான் ஆரம்பமானது. அடுத்த வருஷம் அக்கா மகள் என் எதிரே வந்து நின்று, "மாமா, நாங்க கட்டிக்கலாம்னு இருக்கோம்" என்றாள்.

அவளுக்கு எட்டு வயதாகும்போது அவள் அப்பா போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சல் வந்தால் செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, ஸ்கூட்டி ஓட்டப் பழக்கி முட்டியைப் பேர்த்துக்கொண்டது எல்லாம் நான். அதனால் அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "என் தம்பி சரின்னா சரி. இல்லன்னா இல்ல." தாய்மாமன் என்ற பதவி அவ்வளவு பெரியது. நானும் அந்தப் பதவிக்கு ஏற்றபடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"ஸ்பெயின்காரனை எல்லாம் நம்ப முடியாது" என்றேன்.

"ஸ்பெயின் இல்ல அண்ணாத்த, பாஸ்க்" என்றான் அவன். தமிழை எங்கள் கம்பெனி ஷெட்டில் கற்றுக்கொண்டவன். வருங்கால மாமனை அண்ணாத்த என்று கூப்பிடக் கூடாது என்பதை ஷெட்டில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே, கொஞ்சம் மலை, கொஞ்சம் கடல், அதுதான் பாஸ்க் நாடாம். யாராவது ஸ்பெயின் என்று சொன்னால் அவன் முகம் சுண்டிவிடும். வடக்கே போனால் நம்மை மதராசி என்பார்களே, அப்போது நம் முகம் போகும் போக்கு அப்படியே. எனக்குப் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் பாஷைக்கு உலகத்தில் சொந்தமே கிடையாது, எந்தப் பாஷையோடும் சேராது, அங்கே எல்லாவற்றுக்கும் மூத்தது என்று பெருமையாகச் சொன்னான். "ஐயோ பாவம், அநாதையா?" என்று அக்கா இன்னொரு துண்டு மீன் போட்டாள். மூத்த மொழி என்று எங்களிடமே வந்து சொல்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னொன்றும் சொன்னான். அவர்கள் ஊரில் குடும்பப் பெயர் என்பது பூர்விக வீட்டின் பெயராம். மனிதன் எந்தத் தேசத்துக்குப் போனாலும் வீடு அவன் பெயரில் கூடவே போகுமாம். அக்கா வீட்டுக்குப் பெயர் கிடையாது, குவார்ட்டர்ஸ் நம்பர்தான். "அந்த நம்பரையே பேரோட சேத்துக்குறேன்" என்று சிரித்தாள் அக்கா மகள். போகப் போகிறேன் என்பதைத்தான் சிரித்துக்கொண்டே சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் அவ்வளவு தூரம் போய்விடுவாள் என்ற பயம், அது ஒன்றுதான்.

"அவங்க மலையிலயும் மாரின்னு ஒரு ஆத்தா கீறா மாமா. குகையில இருப்பாளாம். மழையும் இடியும் அவ கையிலதான்" என்று ஒருநாள் வக்கீல் மாதிரி எடுத்து வைத்தாள்.

"பேரு ஒத்துப்போனா சம்பந்தியா? அப்படின்னா நம்ம ஆத்தாவையே கேட்டுடலாம்" என்றேன். வாய் தவறி வந்த வார்த்தைதான், ஆனால் அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் குலதெய்வம் கடலோரத்துச் சவுக்குத் தோப்புக்குள் வேப்பமரத்தடியில் இருக்கிறாள். கோயில் கிடையாது, கூரை கிடையாது. இரண்டு கையாலும் அணைக்கிற அளவில் ஓர் உருண்டைக் கல். வெள்ளிக் கண், மஞ்சள், குங்குமம். நல்ல காரியம் என்றால் பூக்கேட்போம். தலையில் ஒரு பூவை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் கூடாது. விழவே இல்லை என்றால் ஆத்தா யோசிக்கிறாள் என்று அர்த்தம், இன்னொரு நாள் வந்து கேட்க வேண்டும்.

அதற்குள் பையனின் அப்பா வந்து இறங்கினார். மாடு கன்றைப் பார்க்க ஆளில்லை என்று மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். கதவளவு முதுகு, தலையில் வட்டமான கறுப்புத் தொப்பி. மகன் பக்கத்தில் இருந்தால்தான் நமக்கு ஒரு வார்த்தை புரியும். மாமல்லபுரம் கூட்டிப்போனோம். சிற்பங்களைப் பார்த்தார், தலையாட்டினார். வெண்ணெய் உருண்டைப் பாறை வந்ததும் ஆள் மாறிவிட்டார். மூன்று முறை சுற்றி வந்தார், குனிந்து அடியைப் பார்த்தார், தடவினார், பெருமூச்சு விட்டார்.

"என்ன பக்தி பாரு" என்றாள் அக்கா.

"பக்தி இல்ல, எங்க புடிச்சுத் தூக்கறதுன்னு பாக்குறாரு" என்றான் பையன். அவர்கள் ஊரில் கல் தூக்குவது திருவிழா விளையாட்டு. நம் இளவட்டக்கல் மாதிரிதான். ஊர்ச் சதுக்கத்தில் உருண்டைக் கல்லை வைத்துச் சுற்றி ஜனம் பேசாமல் நிற்கும். அப்போது ஒருவர் முன்னால் வந்து தோளுக்கு ஏற்றுவார். அப்பா அந்தக் காலத்தில் பெரிய ஆளாம், தலையில் இருக்கும் தொப்பிகூட ஜெயித்து வாங்கியதாம். நான் அப்போது சுண்டல்காரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பூக்கேட்கும் நாள் வந்தது. அலங்காரம் தாய்மாமன் உரிமை என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். சந்தனத்தை இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்தேன். ஆத்தா தலையில் அப்பினேன், வெள்ளரளிப் பூவை அதில் கட்டைவிரலால் அழுத்திப் புதைத்தேன். இடப்பக்கம் விழும்படி செய்தால் பாவம், விழாமலே செய்தால் வெறும் தாமதம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் அப்பாவுக்கும் பையனுக்கும் ஊருக்கு விமானம். தாமதமே போதும்.

ஆகவே பூ விழவில்லை. பூசாரி உடுக்கை அடித்தார், பாடினார், கெஞ்சினார். பூ சிவனே என்று இருந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. அக்கா கண் கலங்கிவிட்டது. அவளை உட்காரவைத்துவிட்டு, தண்ணீர் எடுத்துவர அக்கா மகளும் பையனும் காருக்குப் போனார்கள். பூசாரிக்கும் கை வலித்தது போலும், உடுக்கையை நிறுத்தினார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கல்லைச் சுற்றி நின்றோம். ஒருவரும் பேசவில்லை.

அப்போதுதான் சம்பந்தி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். சுற்றி ஜனம், நடுவே உருண்டைக் கல், பேச்சே இல்லை. ஒரு மணி நேரமாக இவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

மரியாதைக்காக நாங்கள் அவர் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "சாமி முன்னாடி துண்ட இடுப்புல கட்டணும்னு தெரிஞ்சுகினு கீறாரே!" என்று பூசாரி சொக்கிப்போனார். சம்பந்தி தட்டிலிருந்து இரண்டு கை விபூதி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார். அக்கா கும்பிட்டாள். அவர் காலை அகட்டி, குனிந்து, ஆத்தாவைக் கட்டிப்பிடித்தார்.

"இன்னா பண்றாரு?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் ஆத்தா அவர் தொடைமேல் இருந்தாள். பிறகு மார்மேல். ஒரு உறுமல். ஆத்தா தோளுக்கு ஏறிவிட்டாள்.

அக்கா அலறினாள். இருந்தவர்களில் பாதிப்பேர் மண்ணில் விழுந்து கும்பிட்டார்கள். "எழுந்துகினா! ஆத்தா எழுந்துகினா!" என்று பூசாரி வெறி வந்தவர் போல உடுக்கையை அடிக்கத் தொடங்கினார். அவர்கள் ஊர்க் கைதட்டலைவிட இது பெரிதாக இருந்திருக்க வேண்டும். சம்பந்தி முகமெல்லாம் பல். உற்சாகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். என் சந்தனம் கட்டியோடு பெயர்ந்தது, பூ விழுந்தது.

சத்தம் கேட்டு அக்கா மகளும் பையனும் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்கள். பையன் நெஞ்சில் கைவைத்து அவர்கள் பாஷையில் கத்தினான். தூக்கியது சாமியை என்று தெரிந்ததும் அப்பா முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. தொட்டிலில் குழந்தையைப் போடுகிற மாதிரி ஆத்தாவை அதே குழியில் இறக்கி வைத்தார். தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராகத் தலைகுனிந்து நின்றார். எனக்கே அவரைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. அவசரத்தில் ஆத்தாவின் முகம் திரும்பியிருந்தது. மேற்கே எங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போது கடலைப் பார்த்தாள்.

"பூ எந்தப் பக்கம் விழுந்தது?" என்றாள் அக்கா.

அங்கேதான் பஞ்சாயத்து தொடங்கியது. அவருக்கு வலப்பக்கமா, ஆத்தாவுக்கு வலப்பக்கமா? அவர் சுற்றிக்கொண்டிருந்தாரே, அப்போது ஆத்தா முகம் எந்தத் திசையில் இருந்தது? பூசாரி குச்சியை எடுத்து மண்ணில் படம் போட்டார், தானே அழித்தார், மறுபடி போட்டார். கடைசியில், "தாய்மாமன்தான் சொல்லணும்" என்று என் தலையில் கட்டினார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அதற்குள் அக்கா மகள் குனிந்து பூவை எடுத்துவிட்டாள். பூவின் அடியில் எலுமிச்சை அளவு சந்தனம் ஒட்டியிருந்தது, அதில் ஒரு கட்டைவிரல் பள்ளம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். என் விரல் இடுக்கெல்லாம் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதில் திருட்டு மாங்காயோடு பிடிபட்டவன் போல நின்றேன்.

அவள் சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். என் பக்கத்தில் வந்து என் கையில் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"ஆத்தா ஒன்னும் யோசிக்கல மாமா. நீதான் யோசிச்சிகினு கீற. கழுவு."

கழுவினேன். அவள் ஊற்ற ஊற்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. "தம்பி, நீ இன்னா சொல்ற?" என்று அக்கா மரத்தடியிலிருந்து கத்தினாள்.

"வலப்பக்கம்தான்க்கா விழுந்துச்சு. நான் பாத்தேன்" என்றேன்.