செவலைக்கு வேகவைத்த கடலை

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஓசூருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தெருப் பிள்ளைகளிடமிருந்து கன்னடமும் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் வந்தாலும் தண்ணீர் லாரிக்காரர் வந்தாலும் பேசுவதற்கு அம்மா என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவாது. செவலையின் விஷயத்தில் மட்டும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதில் வந்த சொல் அம்மாவுக்கே தெரிந்ததாக இருந்துவிட்டது.

செவலை எங்கள் லைன் வீடுகளின் வாசலில் வளர்ந்த நாய். அப்பா கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வரும்போது தெருமுக்குவரை போய்க் கூட்டி வரும். அது போட்ட குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிப்போன பிறகு எலும்பும் தோலுமாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா கன்னடக்காரர். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவுக்கு ஓசூரில் இருந்த ஒரே சிநேகிதி. பாதி வாயாலும் பாதி கையாலும் இருவரும் மத்தியானம் முழுக்கப் பேசுவார்கள். அவர்தான் வழி சொன்னார்.

"கடலே பேயிசி கொடும்மா. உப்பு பேடா. நாய் தேறிக்கும்."

கடலையை உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுக்கவேண்டும். இதைப் புரிந்துகொள்ள அம்மாவுக்கு நான் எதற்கு? ஊரிலிருந்து மாமா கொண்டுவந்த நிலக்கடலை மூலையில் சாக்கோடு கிடந்தது. ஓசூர் ஈரத்தில் பாதிக்குமேல் பூசணம் பிடித்திருந்தது. அம்மா உட்கார்ந்து பிரித்தாள். நல்லது எங்களுக்கு. கறுத்ததும் பச்சை படிந்ததும் செவலைக்கு. கழுவி, குழைய வேகவைத்து, ஆறவைத்துத்தான் வைத்தாள். செவலை வாலாட்டிக்கொண்டே தின்றது. தினமும் தின்றது.

பிறகு தின்பதை நிறுத்தியது. வாந்தி எடுத்தது, அதில் ரத்தம் வந்தது. கண் மஞ்சளாகிவிட்டது. அப்பா கோணியில் சுருட்டி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். ஈரல் போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாள் காலை குழாயடியில் கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வால் லேசாக அசைந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டபோது அசையவில்லை.

அம்மா நேராகப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நீங்க சொன்னீகன்னுதானக்கா குடுத்தேன். கடலைன்னுதான சொன்னீக?"

"கடலேதாம்மா சொன்னது. எங்க ஊர்ல நாய்க்கு தினா அதேதான். சாமி ஆணே."

"அப்ப எம்புள்ள எப்பிடிக்கா செத்துச்சு?"

"எனக்கு என்னம்மா தெரியும்? நீ வேற என்ன போட்டியோ."

இரண்டு மொழியும் தெரிந்த நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே சொல்லையே சொன்னதால் எடுத்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார், அது அம்மா இல்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். அடுத்த வருடம் அந்த அக்கா வீடு காலி செய்துகொண்டு போனார். அம்மா வெளியே வரவில்லை.

பர்கூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, வீட்டில் கன்னடம் பேசும் கெலமங்கலத்துத் தோழி ஒருத்தி டப்பாவைத் திறந்து, "கடலே தின்னு" என்று நீட்டினாள். உள்ளே வேகவைத்த கொண்டைக்கடலை இருந்தது. கன்னடத்தில் கடலே என்றால் இதுதான், நிலக்கடலை இல்லை என்றாள். அப்புறம் போனில் தேடிப் படித்தேன். உப்பில்லாத நல்ல நிலக்கடலை நாயைக் கொல்லாதாம். பூசணம் பிடித்ததுதான் கொல்லும். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது.

விடுமுறையில் அம்மாவிடம் கொண்டைக்கடலையைப் பற்றிச் சொன்னேன். பூசணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மா கேட்டாள்.

"அப்ப அவ பொய் சொல்லலயா?"

அந்த அக்கா எந்த ஊருக்குப் போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

செவலை செத்த பிறகு அம்மா மத்தியானங்களில் வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்துக் கதவு சத்தம் கேட்டால் தலை திரும்பும், பிறகு குனிந்துகொள்ளும். நாயைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, வேறு குட்டி ஒன்று கொண்டுவரட்டுமா என்று நான் போய்ப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.