சுருளிப்பட்டியில் ஒளிந்துகொண்ட வால்வு

இதய நோயாளி தனியாகப் பேருந்தில் ஊருக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதல் வரியிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நான் போனேன். போன புதன்கிழமை, மதுரை ஆரப்பாளையத்திலிருந்து சுருளிப்பட்டி வரை, ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். எனக்கு வயது அறுபத்தெட்டு. இதயத்தில் ஒரு செயற்கை வால்வும் ஒரு ஸ்டென்ட்டும் இருக்கின்றன. இரண்டும் நெஞ்சைப் பிளக்காமல் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக உள்ளே போனவை. ஸ்டென்ட் மணிக்கட்டு வழியாக, வால்வு தொடை இடுக்கு வழியாக.

டாக்டர் தாராளமாகப் போகலாம் என்றார். சென்னையிலிருக்கும் என் மகன்தான் கூடாது என்றான். டாக்ஸி, கூட ஒரு ஆள், இல்லையென்றால் வீட்டிலேயே இரு என்றான். நடமாடுவதற்குத்தான் வால்வை மாற்றினேன், ஷோகேஸில் உட்கார அல்ல என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

போன காரணத்துக்கு வருகிறேன். எனக்கு இருந்தது இரட்டைக் கோளாறு. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள அயோர்ட்டிக் வால்வு விறைத்துச் சுருங்கிவிட்டது. கூடவே, இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி குழாயில் அடைப்பு. இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் ஸ்டென்ட் வைப்பதா, முதலில் வால்வை மாற்றுவதா, எது நல்லது என்று கண்டுபிடிக்க மதுரையில் ஒரு மருத்துவமனை ஆய்வு நடத்துகிறது. அதில் சேர்ந்தவர்களுக்கு வால்வு இலவசம். யாருக்கு எது முதலில் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது. எனக்கு ஸ்டென்ட் முதலில். எதிர்க் கட்டில்காரருக்கு வால்வு முதலில். அந்த எதிர்க் கட்டில்காரர்தான் அந்தோணி. எழுபத்தொரு வயது, சுருளிப்பட்டியில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள் என்பதால் என்னை டெலிபோனம்மா என்று கூப்பிடுவார்.

எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் வால்வு வைத்தார்கள். அதனால் ஓராண்டுப் பரிசோதனையும் ஒரே வாரத்தில் வரவேண்டும். நான் போனேன், அவர் வரவில்லை. என் சீட்டில் முன்பின் முப்பது நாள் என்று போட்டிருந்தது. அதைத் தாண்டினால் 'தொடர்பில் இல்லாதவர்' என்று எழுதிவிடுவார்கள். முப்பதாவது நாள் அந்த வார வெள்ளிக்கிழமை. அவருக்குப் போன் செய்தேன். "ராங் நம்பருங்க" என்றது ஒரு ஆண்குரல். முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவளிடம் ராங் நம்பராம்! நாலு நாள் எதிர்க் கட்டிலில் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?

அவர் மனைவி செல்வமேரியின் எண்ணும் என்னிடம் இருந்தது. மூன்றாவது தடவை எடுத்துக் கிசுகிசுத்தார். "யக்கா, அவரு இல்லைன்னு சொல்லச் சொன்னாரு. காலு வேற வீங்கிக் கெடக்கு. ஆய்வுன்னாலே நடுங்குறாரு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. கால் வீக்கம் விளையாட்டில்லை. ஊரில் உட்கார்ந்து திராட்சை விற்கிற ஒரு மனிதரைத் தொடர்பில் இல்லாதவர் என்று எழுத யாரையும் விடப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

காலை 6.20க்குக் கம்பம் பேருந்து. டிக்கெட் 110 ரூபாய். 7.25க்கு உசிலம்பட்டி, பிறகு ஆண்டிபட்டிக் கணவாய். அங்கிருந்து ஜன்னல் பக்கம் காற்று மாறும், சால்வை வைத்துக்கொள்ளுங்கள். 8.30க்குத் தேனி, பத்து நிமிடம் நின்றது. சர்க்கரை போடாத காபி பதினைந்து ரூபாய். பக்கத்து இருக்கைப் பெண்மணி என் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஹார்ட்டு நோவா? வீட்டுல யாரும் தடுக்கலையா?" என்றார். தடுத்தார்கள், அதனால்தான் 6.20 வண்டி, இல்லாவிட்டால் எட்டு மணிக்கு நிதானமாகக் கிளம்பியிருப்பேன் என்றேன். வீரபாண்டியில் அவர் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டி 9.55க்குக் கம்பம்.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். நடுவழியில் செக்கிங் ஏறினார், என் இலவச டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அந்த டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் பர்ஸில் வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது.

நிறுத்தத்திலிருந்து தோட்டம் ஒன்றரைக் கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். நடக்கப்போகிறேன் என்றதும் பதறிவிட்டார். "ஆத்தா, இந்த வெயில்ல போயி அங்கன விழுந்து கெடந்தா யாரு பதில் சொல்றது?"

"நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

இருபத்தாறு நிமிடம் ஆனது. இரண்டு தடவை நின்றேன், முதல் தடவை மூச்சு வாங்க, இரண்டாம் தடவை பந்தலில் கறுத்துத் தொங்கிய திராட்சைக் குலைகளைப் பார்க்க. வால்வு மாற்றுவதற்கு முன்னால் என் வீட்டுக் குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கியவள் நான்.

தோட்டத்தில் செல்வமேரி மட்டும் பெட்டியில் குலை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தோணியைக் காணோம். திராட்சைப் பந்தலுக்கு ஒரு குணம் உண்டு. மேலே இலை அடைத்து ஆளை மறைக்கும், கீழே ஒன்றும் இருக்காது. நாலு வரிசை தள்ளி இரண்டு கால்கள் நின்றன. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிகிற அளவுக்கு வீக்கம்.

"ஒளிஞ்சு என்னத்துக்கு? காலு தெரியுது, வெளிய வாங்க!" என்று செல்வமேரி சத்தம் போட்டார்.

வந்தார். என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார். "டெலிபோனம்மா, தனியாத்தான் வந்தீகளா? பின்னாடி வேன் எதுவும் வருதா?"

"எந்த வேன்?"

"ஆய்வு வேன்தேன்."

உட்காரவைத்துக் கேட்டேன். மெதுவாகச் சொன்னார். "போன வருசம் பக்கத்துத் தோட்டத்துக்கு கரண்டு ஆபீஸ்ல இருந்து ஆய்வுக்கு வந்தாக. விவசாயத்துக்குன்னு குடுத்த இலவசக் கரண்டுல வீட்டுக்கு லைட்டு எரிச்சிருக்கான்னு கனெக்சனை அத்து விட்டுட்டாக. இதுவும் இலவச வால்வுதான? கவிதாம்மா போன் பண்ணி, வர முடியலைன்னா வீட்டுக்கே வந்து ஆய்வு பண்றோம்னு சொன்னாக. வெயிட்டு தூக்காதீகன்னாக, நான் தூக்குறேன். தோட்டத்துல நின்னுக்கிட்டு அடிக்கடி ஒதுங்க முடியலைன்னு நீர் மாத்திரைய நிப்பாட்டிட்டேன். இதெல்லாம் பாத்தா வால்வைத் திருப்பி எடுத்துக்கிற மாட்டாகளா?"

கவிதா என்பவர் ஆய்வுக் குழுவின் நர்ஸ். நல்ல பெண், நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, உடனே கோபம் வந்தது. கோபம் அந்தோணி மேல் இல்லை. பதினாலு பக்க ஒப்புதல் படிவம், பக்கத்துக்குப் பத்து 'ஆய்வு'. எழுதியவருக்கு அது ஆராய்ச்சி. தோட்டக்காரருக்கு அது ஜீப்பில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து இறங்கும் அதிகாரி. ஒரு வருடமாக இந்த மனிதர் நெஞ்சுக்குள் இருப்பதைப் பிடுங்க வருவார்கள் என்று பயந்துகொண்டே தூங்கியிருக்கிறார்!

பர்ஸிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். "இதுவும் இலவசம். செக்கிங் ஏறுனாரு, பாத்தாரு, குடுத்துட்டாரு. என்னை எறக்கி விட்டாரா?"

"இல்ல."

"ஒங்கள யாரும் ஆய்வு பண்ணல. வால்வைத்தான் பண்றாக. பாஸாக வேண்டியது அது, நீங்க இல்ல."

டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்டி தூக்குனதையும் சொல்லணுமா?"

"சொல்லணும். மாத்திரைய நிப்பாட்டுனதையும் சொல்லணும். நம்ம மறைச்சா, அடுத்து அந்தக் கட்டில்ல வந்து படுக்குறவருக்குத் தப்பான வழியக் காட்டிருவாக."

அங்கிருந்தே கவிதாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார், இல்லை என்றார் அந்தோணி. முட்டினால் உடனே கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இல்லையென்றால் நாளைக் காலையில் மதுரைக்கு வந்துவிடுங்கள் என்றார் கவிதா. அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். உப்புக் குறைத்த குழம்பு, அதில் செல்வமேரியின் முகச் சுளிப்புதான் காரம்.

வியாழன் காலை 6.10க்குக் கம்பத்திலிருந்து மூன்று பேரும் கிளம்பினோம். தேனி தாண்டும்போது மகன் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்றான். "ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தோணி வயிறு குலுங்கச் சிரித்தார்.

இதே பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள், உறவுக்காரர்களை அப்புறம் கேட்கலாம். காலை வண்டிதான் நல்லது, பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் வெயில் ஏறிவிடும். எந்த வால்வு, எந்த ஸ்டென்ட் என்ற அட்டையும் மாத்திரைச் சீட்டும் பையில் இருக்கட்டும். எந்த மாத்திரை தொந்தரவு தந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றித் தரச்சொல்லுங்கள். சுருளி அருவி வரை போவதென்றால் யானை நடமாட்டத்தால் மூடியிருக்கிறார்களா என்று கம்பத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். திராட்சையைத் தோட்டத்திலேயே வாங்குங்கள்.

ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். அந்தோணியின் வால்வு நன்றாக வேலை செய்கிறது. வீக்கத்துக்குக் காரணம் நிறுத்திய மாத்திரைதான். தோட்ட வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்துக்கு அதை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். பெட்டி தூக்கிய கதையைக் கேட்டுத் திட்டாமல், எத்தனை கிலோ, எவ்வளவு தூரம் என்று ஆர்வமாகக் குறித்துக்கொண்டார். ஆறு நிமிட நடைச் சோதனையில் அந்தோணி வீங்கின காலோடு முந்நூற்று நாற்பது மீட்டர் நடந்தார். போன மாதம் நான் நடந்தது முந்நூற்று அறுபத்தைந்து. சும்மா சொல்லிவைக்கிறேன்.

"ஆய்வு முடிஞ்சதுங்கய்யா, கிளம்பலாம்" என்றார் கவிதா.

அந்தோணி எழுந்திருக்கவில்லை. ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்கினார். பதினாலு பக்கத்தையும் மேசைமேல் பரப்பினார். "ஒங்க ஆய்வு முடிஞ்சது தாயி. எங்க ஆய்வு இப்பத்தேன் ஆரம்பம். எங்கெங்க ஆய்வுன்னு போட்டிருக்கோ, அங்கனெல்லாம் ஆராய்ச்சின்னு மாத்துங்க."

கவிதா திகைத்துப்போனார். "அதுக்கு ஆஸ்பத்திரி நெறிமுறைக் கமிட்டி ஒத்துக்கணுமேய்யா."

"கமிட்டிய வரச் சொல்லுங்க. இல்லைன்னா நாங்க கனெக்சனை அத்து விட்டுருவோம்."

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.