குகனின் ஏழு மீட்டர்

படம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

போன சனிக்கிழமை. லா சப்பல் மெட்ரோவில் இறங்கி எங்கள் தமிழ்க் கடைத்தெருவான ரூ து ஃபொபூர் சேன்-தெனிக்குள் திரும்புகிற இடத்தில் ஒரு தேநீர்க் கடை. எனக்கு முன்னால் குகன். அவருடைய தொலைபேசியில் நோர்மண்டிக் கடற்கரையில், வாகனத்தோடு போய்த் தங்குகிற கம்பிங் ஒன்றின் படம். பச்சைப் புல், நீலக் கடல், நடுவில் வெள்ளையாக ஒரு கம்பிங்-கார். அதுதான், படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வாகனம். கீழே ஒரு வரி - 'பெரிய வாகனங்களுக்கும் தாராளமான இடம் உண்டு.'

"இதில ஏன் ஒரு மனுசரும் இல்லை?" என்றேன்.

குகன் விழித்தார். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தானே வாகனம் எவ்வளவு பெரிது என்று தெரியும்? சின்ன வாகனமாகப் பார்த்து நிறுத்திவிட்டு 'தாராளம்' என்று எழுதினால் யார் கண்டது? தாராளம் என்றால் எத்தனை மீட்டர்?

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். காப்புறுதி அலுவலகத்தில், நட்ட ஈடு கேட்டு வருகிற கடிதங்களைப் படிப்பது என் வேலை. தானாகத் தீப்பிடித்த சோபா, யாரும் தொடாமல் உடைந்த டி.வி... காலையிலிருந்து மாலைவரை இதுதான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகாது. பால் பெட்டியில் இருக்கிற திகதியை இரண்டு தரம் பார்க்கிற ஆள் நான். அதனால் எங்கள் சொந்தத்துக்குள் யாருக்காவது எதையாவது 'செக்' பண்ணவேண்டும் என்றால் நேரே என்னிடம் வருவார்கள்.

குகன் என் சித்தியின் மகள் வசந்தியின் கணவர். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல் வேலை. வசந்திக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒவ்வொரு இரவும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின், அதிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய். அவள் தூங்கத் தூங்க விடியும்வரை அது உடம்பைச் சுத்தம் செய்யும். அதற்கு மின்சாரம் விடாமல் வேண்டும். மூடிய, சுத்தமான அறை வேண்டும். பெட்டி பெட்டியாக மருந்துத் தண்ணீர் வேண்டும். மெஷின் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை. கடல் பார்க்கவேண்டும், கடல் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் 'போகலாம்' என்றார். ஜேர்மனியில் இருக்கிற குகனின் தமையன், ஓகஸ்ட் மாதம் வைத்திரு என்று தன் கம்பிங்-காரை ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். இனி நிறுத்த ஓர் இடம் பிடிக்கவேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் என் சந்தேகம் தொடங்கியது. பொழுதுபடுகிற நேரம் கம்பிங் வாசலில் போய் நின்ற பிறகு, 'உங்கள் வாகனம் பெரிது, இடம் கொள்ளாது' என்று திருப்பி அனுப்பினால்? ஓகஸ்டில், கடற்கரையில், வேறு இடம் கிடைக்குமா? அந்த இரவு வசந்தியின் மெஷினை மின்சாரத்தில் எங்கே கொழுவுவது?

பதிவு செய்வதற்கு முன்னால் நான் கம்பிங்காரரோடு பேசவேண்டும் என்றார் குகன். அவருடைய பிரெஞ்சு சமையலறைக்குள் நன்றாக ஓடும், தொலைபேசியில் தடுமாறும். வாகனத்தின் நீளம் என்ன என்று கேட்டேன். "ஏழு மீட்டர், மச்சாள்." கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"வருத்தக் கதை ஒண்டும் சொல்லாதேங்கோ. வருத்தக்காரர் எண்டா வேண்டாமெண்டிடுவினம்."

சரி, வசந்தியின் நோயைப் பற்றிப் பேசவில்லை என்றேன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

முதலில் அந்தக் கம்பிங்கை நான் விசாரித்தேன். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசலை ஒட்டி இரண்டு மரங்கள். உள்ளே போகிற வழி ஓரிடத்தில் மடங்குகிறது. அந்த மடக்கில் ஒரு நீள வாகனம் திரும்புமா? படம் எடுத்த பிறகு மரம் வளர்ந்திருக்காதா? பிறகு வாடிக்கையாளர் கருத்துகள். 'பிரமாதம்! மறக்க முடியாது!' என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். அவர் வேறு எங்கெல்லாம் கருத்து எழுதியிருக்கிறார் என்று தேடினேன். ஒரு டயர்க் கடைக்கும் அதே வசனத்தை எழுதியிருக்கிறார். டயர் மாற்றியதில் மறக்க முடியாதது என்ன இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு தொலைபேசி எடுத்தேன். பேசியவர் கம்பிங்கின் சொந்தக்கார அம்மா. வயதான, கரகரத்த குரல். நான் கேட்டேன் - வாசல் எவ்வளவு அகலம்? மடக்கில் திரும்பலாமா? கிளைகள் எவ்வளவு உயரத்தில்? நிலம் சரிவா? மழை பெய்தால் சில்லுப் புதையுமா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பதினாலாம் இலக்க இடம், கடலைப் பார்த்தபடி, ஏழு மீட்டருக்குச் சரியாக இருக்கும் என்றார்.

பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார். ஏழு மீட்டர்தானே? ஓம் என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி - ஏழு என்று நிச்சயமாகத் தெரியுமா? தெரியும் என்றேன். மூன்றாம் தரம் - அளந்து பார்த்த ஏழா, வாய்க்கணக்கா? வாகனத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்ன பிறகுதானே இந்தக் கேள்வியெல்லாம்? ஒரு வெள்ளைக்காரரிடம் இப்படிப் படம் கேட்பாரா? நாங்கள் சொன்னால் பொய்தான் சொல்வோம் என்று முடிவு கட்டிவிட்டாரா? அனுப்புகிறேன் என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்சம் முன்னால் இதே கேள்வியை - படத்தில் ஏன் ஆள் இல்லை என்று - நான்தான் கேட்டேன் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. கோபத்தில் வருமா?

மறுநாள் ஞாயிறு. வாகனம் நின்றது நகருக்கு வெளியே பொபினியில், குகனுக்குத் தெரிந்த ஒருவரின் மொத்தக் கடைக் களஞ்சியத்துக்குப் பின்னால். சும்மா படம் மட்டும் அனுப்பினால் போதுமா? இரும்பு டேப்பை இழுத்துப் பிடித்து, அந்த ஏழு என்ற இலக்கம் தெரிகிற மாதிரியே அனுப்பவேண்டும் என்று போனேன். வசந்தியும் வந்திருந்தாள். உள்ளே ஏறி, படுக்கைக்குப் பக்கத்தில் மெஷினை எந்தத் தட்டில் வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முழுக்க மருந்துத் தண்ணீர்ப் பெட்டி அடுக்கவேண்டும் என்பதால், உடுப்பு, மடிக்கிற கதிரை, பாத்திரம் எல்லாவற்றையும் போட வாகனத்தின் முதுகில் பெரிய பெட்டியொன்று பூட்டியிருந்தார் குகன்.

நான் முன்பக்கத்தில் டேப்பைப் பிடித்தேன். மறுமுனையைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னேன். குகன் பின்சில்லோடு நின்றுவிட்டார். இன்னும் பின்னுக்குப் போம் என்றேன். ஓர் அடி போனார். இன்னும் என்றேன். பெட்டியின் விளிம்புக்கு வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, களஞ்சியச் சுவரைப் பார்த்தார்.

எட்டு மீட்டர் முப்பது.

இன்னொரு தரம் அளந்தேன். டேப் ஏன் பொய் சொல்லப் போகிறது? அதே எட்டு முப்பதுதான்.

"குகன், உமக்கு இது முந்தியே தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகு?"

குகன் டேப்பை விட்டார். அது சரசரவென்று என்னிடம் வந்து சேர்ந்தது. "நாலு கம்பிங்குக்கு உள்ளதைச் சொன்னனான், மச்சாள். நாலும் இல்லையெண்டிட்டாங்கள். ரெண்டு பேர் நான் சொல்லி முடிக்கவே விடேல்லை. அவளுக்கு நான் என்னெண்டு போய்ச் சொல்லுறது? போய் நிண்டாப் பிறகு பாப்பமெண்டு நினைச்சன்."

போய் நின்ற பிறகு பார்ப்போம்... எனக்கு இந்த வசனத்தைத் தெரியும். உங்களுக்கும் தெரியும். லா சப்பலுக்கு வந்த புதிதில் எங்கள் பெடியன்கள் ஆறு பேர் ஓர் அறையில் இருந்துகொண்டு வீட்டுக்காரரிடம் இரண்டு பேர் என்றவர்கள். வாசலில் இரண்டு சோடி சப்பாத்து மட்டும், மிச்சம் கட்டிலுக்குக் கீழே. இன்றைக்கும் கலியாண மண்டபம் பிடிக்கும்போது நூற்றைம்பது பேர் என்போம். மண்டபக்காரர் சிரித்துக்கொண்டே முந்நூறு கதிரை போடுவார். வெள்ளைக்காரரிடம் எந்தக் கணக்கையும் கொஞ்சம் குறைத்துச் சொல்ல எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளதைச் சொன்ன இடமெல்லாம் கதவைச் சாத்தினால் வாய் தானாகப் பழகிவிடும்.

நான் மரத்தைச் சந்தேகப்பட்டேன், மடக்கைச் சந்தேகப்பட்டேன், டயர்க் கடைக்கு நட்சத்திரம் போட்டவரைச் சந்தேகப்பட்டேன். எனக்கு முன்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் மட்டும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கவில்லை. எங்கள் ஆள் என்றால் கண் மூடிக்கொள்கிறது. என்ன சந்தேகப் புத்தி இது?

பெட்டியைக் கழற்றலாமே என்றேன். கழற்றினாலும் ஏழு நாற்பது வரும், சாமான்களையும் உள்ளே போட்டால் வசந்தி எங்கே படுப்பது என்றார்.

வாகனத்தின் ஜன்னல் திறந்துதான் இருந்திருக்கிறது. வசந்தி படியில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. அவள் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"கடல் பாக்காட்டில் நான் சாகமாட்டன். ராவைக்கு மெஷின் கொழுவ இடமில்லாமல் ரோட்டில நிண்டா, எனக்குப் பயம். அது உங்களுக்கு விளங்கேல்லையோ?"

குகன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அந்த நேரத்தில் அவர்மேல் கோபம் வந்தது. அதைவிடக் கூடுதலாகப் பாவமாக இருந்தது. இந்த மனிதன் பொய் சொன்னது வசந்திக்குக் கடலைக் காட்டத்தானே?

"அக்கா, ஃபோனைப் போடுங்கோ" என்றாள் வசந்தி. "எட்டு முப்பதெண்டு சொல்லுங்கோ. என்ர வருத்தத்தையும் சொல்லுங்கோ. இல்லையெண்டா இல்லையெண்டு இப்பவே தெரியட்டும்."

போட்டேன். ஒலிபெருக்கியில் விட்டேன். நேற்று அவ்வளவு வெடுக்கென்று வைத்துவிட்டு இன்று என்ன முகத்தோடு பேசுவது? எட்டு மீட்டர் முப்பது, பின்னால் பெட்டி, உள்ளே மருந்து, இரவு முழுக்க மெஷின்... எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். இதோ வரப்போகிறது, 'எல்லா இடமும் நிரம்பிவிட்டது' என்கிற அந்த இனிமையான பதில் என்று காத்திருந்தேன். சரளைக் கல்லில் நடக்கிற சத்தம்தான் கேட்டது. பிறகு காற்று.

அவர் வெளியே போய்ப் பதினாலாம் இலக்கத்தில் நின்று பேசினார். இங்கே கொள்ளாது என்றார். வாகனத்தின் முதுகு பாதைக்கு வந்துவிடும், அப்படி வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன் என்றார். வசந்தி என் கையைப் பிடித்தாள்.

ஆனால் அவர் வைத்துவிடவில்லை. மெஷினை இரவு எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று கேட்டார். ஒன்பது என்றேன். கடல் பக்கத்து வரிசையில் அந்த நேரம் எல்லோரும் மின்சார அடுப்புப் போடுவார்கள், கரண்ட் அடிக்கடி நின்றுவிடும், மெஷின் இருக்கிறவர்களை அங்கே ஒருபோதும் விடமாட்டேன் என்றார். தன் வீட்டுக்குப் பக்கத்தில், குளிர்காலத்தில் படகுகள் நிறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறதாம். நீள வாகனம் நிற்கும். வீட்டு இணைப்பிலிருந்தே தனி வயர் தருவாராம். கடல் மட்டும் தெரியாது, வேலியைத் தாண்டி நடக்கவேண்டும்.

நான் சும்மா இருந்தேனா? கடல் தெரியாத இடத்தை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று ஒரு கணம் மனசு ஓடியது. எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், அளந்து பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டேன். வசந்தி என் விலாவில் இடித்தாள். அந்த அம்மா சிரித்தார். அளக்கவில்லை, முழங்கால் வலியோடு நானே தினமும் போய் வருகிறேன் என்றார்.

வசந்தி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். பதிவு செய்யச் சொன்னேன்.

பெயர், திகதி எல்லாம் முடிந்தது. கடைசியாக, இரண்டு பேர்தானே என்று கேட்டார். ஓம், இரண்டு பேர் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். குகன் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார்.

"நாலு, மதாம்" என்றார், தன் சமையலறைப் பிரெஞ்சில். சனி ஞாயிறில் மகனும் மகளும் ரயிலில் வந்து தங்குவார்கள் என்றார். எங்களிடம்கூட இதை அவர் சொல்லியிருக்கவில்லை.

பிறகு, யாரும் கேட்காமலே, ரைஸ் குக்கர் ஒன்றும் வருகிறது என்றார்.