லூர்து பூ

காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது லூர்துவின் மகள் ரீனா கைபேசியில் அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். பக்கத்து வீட்டு வாசலில் தொங்கிய லூர்துவின் ஆர்க்கிட் செடியைத் திரும்பிப் பார்த்தேன். புதிதாக ஒரு கொத்து விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தாலும் இவளுக்கு மட்டும் எப்படித்தான் பூக்கிறதோ என்று முதலில் வயிறு எரிந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நம் தோட்டக் குழுவில் எல்லோரும் லூர்துவைப் பற்றி நல்லதாகவே எழுதிவிட்டீர்கள். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவளும் ஒருத்தி எழுத வேண்டாமா? ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக் ஒன்றில், ஒரே மாடியில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. அவள் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவாள், நான் வெள்ளி தவறாமல் முருகன் கோயிலுக்குப் போவேன். செடி விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே மதம்.

சாங்கி விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். வெட்டிய ஆர்க்கிட் பூக்களைப் பெட்டி பெட்டியாக விமானத்துக்கு அனுப்பிய கை. "வெட்டின பூவையே பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு லா. வேரோட இருக்கிற பூ வேணும்" என்பாள். அவளிடம் ஊதா இருந்தது, என்னிடம் மஞ்சள். ஒருநாள் பல்குச்சியும் கையுமாக என் வாசலில் வந்து நின்றாள்.

"கமலா, உன் மஞ்சள்ல கொஞ்சம் மகரந்தம் எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ. என்ன குறைஞ்சிடப் போகுது?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான். பூவின் நடுவில் சிறு மூடி மாதிரி ஒன்று இருக்கும். அதைக் குச்சியால் தொட்டால் மெழுகுத் துளிபோல மகரந்தம் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தன் ஊதாப் பூவுக்குள் அழுத்திவிட்டாள். பூ வாடியது, காய் பருத்தது. அந்த விதை மாவை விட நைசாக இருக்கும், மண்ணில் போட்டால் முளைக்காது. தெரிந்த நாற்றுப்பண்ணையில் கொடுத்துக் கண்ணாடிப் புட்டிக்குள் முளைக்க வைத்தாள். நாற்றுகள் வந்ததும் சரிபாதியை என்னிடம் நீட்டினாள். அதை மறைத்தால் எனக்கு நரகம்தான் கிடைக்கும்.

பூக்க வருஷக்கணக்கில் ஆனது. அவள் நாற்று ஒன்றில் தேன் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. நடு இதழ் மட்டும் ஊதா. காலை வெயில் பட்டால் லேசான மணம். வாரக்கணக்கில் வாடாது. என் நாற்றுகளில் ஒன்று மட்டும் பூத்தது, சாயம் போன துணி நிறத்தில். "ரெண்டும் ஒரே காய்தானே?" என்று சண்டைக்குப் போனேன். "ஒரே வயித்துப் பிள்ளைங்க ஒரே மாதிரியா இருக்கு? உன் தங்கச்சியைப் பாரு, உன்னைப் பாரு" என்று சிரித்தாள். என் தங்கையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குத்து என்று புரியும்.

நானும் சும்மா இருக்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் என்று மாற்றி மாற்றி ஊற்றினேன். மிச்ச நாற்றுகள் ஒவ்வொன்றாக அழுகின. "பாசத்தைக் கொட்டாதே கமலா. வேர் மூச்சு விடணும். கொஞ்சம் பட்டினி போடு, அப்பதான் பூக்கும்" என்பாள். அவள் தொட்டியில் கரித்துண்டும் உடைந்த செங்கலும்தான் இருக்கும். வேர் காய்ந்து வெளுத்த பிறகே தண்ணீர் காட்டுவாள்.

ஒருமுறை அந்தப் பூவில் ஒரு கொத்தைத் தலையில் வைத்துக்கொண்டு என்னோடு தேக்கா சந்தைக்கு வந்தாள். வழக்கமாக நான் மல்லிகை வாங்கும் கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அவளிடம், "எங்க வாங்கினீங்க அக்கா இந்தப் பூ?" என்று கேட்டார். "வாங்கலை, நான் வளர்த்தது" என்றாள். முருங்கைக்காய்ப் பையோடு பக்கத்தில் நின்றேன். அதில் பாதி கமலாவுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாய் முத்தா உதிர்ந்துவிடும்?

தண்டில் முளைக்கும் குட்டிகளைப் பிரித்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். புளோக் முழுக்க அது 'லூர்து பூ' ஆனது. எனக்கும் ஒரு குட்டி கொண்டு வந்தாள். நான் வாங்கவில்லை. அப்பன் வீட்டுக்கே பிள்ளையைத் தானம் கொடுப்பார்களா?

புளோக்கின் கீழ்த்தளத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். மாதா கோயில் ஆட்கள் பாடினார்கள். பெட்டியின் மேல் அந்தப் பூ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் காதில், "இந்தப் பூவை அவங்களே உருவாக்கினாங்களாம், தெரியுமா ஆன்ட்டி?" என்றாள். "தெரியும்மா" என்றேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தால் மூக்குதான் அதிகம் ஒழுகுகிறது.

எல்லாம் முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது ரீனா வந்தாள். அவள் வீட்டில் வெயில் வராது. "செடியை நீங்க எடுத்துக்குங்க ஆன்ட்டி. வேற யார்கிட்டயும் கொடுக்காதேன்னு அம்மா சொன்னாங்க."

"ஏனாம்?"

ரீனா தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க. 'கமலா பொறாமைக்காரி. என் செடி அவ கையில செத்துச்சுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னே காப்பாத்திடுவா'ன்னாங்க."

போகிற போக்கிலும் என்னை ஜெயித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்போது அது என் வாசலில் தொங்குகிறது. கரி, செங்கல், பட்டினி எல்லாம் அவள் சொன்னபடியே. போன வாரம் பூத்தது. அவள் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், லூர்துவை அறியாதவள், நின்று பார்த்தாள். "அழகா இருக்கு. உங்க பூவா அக்கா?"

இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. மறுத்துப் பேச லூர்துவும் இல்லை. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இல்லம்மா. இது லூர்து பூ" என்றேன். அவள் நகரப் போனாள். மனசு கேட்கவில்லை.

"அப்பன் மட்டும் என் வீட்டு மஞ்சள்."