இணைச்சீருக்கு நின்றவள்

மகனின் கல்யாணத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மகளின் கழுத்து. கூடையின் பாரத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்ற கழுத்து. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முந்தைய சில மாதங்களையும் சொல்ல வேண்டும். அந்த மாதங்களின் நடுக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் சகோதரி மணப்பெண்ணைப் போலவே அலங்கரித்துக்கொண்டு, கூறைச் சேலை வைத்த மூங்கில் கூடையைத் தலையில் சுமந்து, கையில் தண்ணீர்க் கெண்டியோடு அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும். மண்டபமே அவளைத்தான் பார்க்கும். எனக்கு ஒரே மகன், ஒரே மகள். நிற்க வேண்டியவள் அவள். அவளோ நாலு பேர் சேர்ந்து சிரித்தாலே எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுகிறவள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவையில் குடியிருந்தோம். அவள் சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கும் அறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஒரு மெஷின், அவள், நூல். வேலை பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டேன். "அங்க யாரும் எங்கிட்ட 'ஏன் ஒரு மாதிரி இருக்கறே'ன்னு கேக்கறதில்லீங்ம்மா" என்றாள். சினேகிதிகள் கிடையாது. வேண்டும் என்று ஏங்கியதாகவும் தெரியவில்லை.

கோபிச்செட்டிபாளையத்தில் பெண் வீட்டில் நிச்சயம் நடந்த அன்று, தட்டு மாற்றும் நேரத்தில் அவளைக் காணவில்லை. தேடிப் போனால், நாங்கள் வந்த வேனுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவரின் அக்கா விடவில்லை.

"ஏனம்மிணி, உம்பட மக வாயத் தொறந்தா வரி கிரி போடறாங்களா? சம்பந்தி ஊட்டுல என்ன நெனைப்பாங்க?"

"அவ சுபாவம் அப்படிங்க."

"சுபாவமா, மனசுல யாரையாச்சும் வெச்சிருக்கறாளா? கேட்டுப்போடு. இணைச்சீருக்கும் வேன்லயே உக்காந்துக்கிட்டா என்ன பண்ணுவே?"

பின் சீட்டிலிருந்த மகளுக்கு அது கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும், "என்னைக் கல்யாணத்துக்கே கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கூடப் பிறந்தவனின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிற பெண்ணுக்கு மனதில் பாசம் என்று ஒன்று இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன்.

மனநல மருத்துவரிடம் போகலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். மறுக்காமல் வந்தாள். அவளோடு தனியாக வெகுநேரம் பேசிவிட்டு மருத்துவர் எங்களை உள்ளே அழைத்தார். 'ஸ்கிசாய்டு' சுபாவக் கூறுகள் என்று ஒன்றைச் சொன்னார். நான் பட்டம் வாங்கியவள். அந்த வார்த்தையின் முன்பாதியைக் கேட்டதுமே ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் ஞாபகத்துக்கு வந்து எனக்கு வியர்த்துவிட்டது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"நீங்க பயப்படற நோய் வேறங்கம்மா. இது வேற. இல்லாததைப் பாக்கறது, கேக்கறதெல்லாம் இவங்களுக்குக் கிடையாது. தனியா இருந்தாத்தான் இவங்களுக்கு மூச்சு விட முடியுது. அவ்வளவுதான்."

பிறகு ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் ஒரு அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்து மகளிடம் கொடுத்தார். "படிச்சா எல்லாமே தனக்குத்தான் எழுதியிருக்கற மாதிரித் தோணும். எது நீ இல்லைன்னும் பாரும்மா. அதுதான் முக்கியம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் சாப்பிட்டு முடித்த மேஜையில் அவள் அந்தத் தாள்களோடு வந்து உட்கார்ந்தாள். நாங்கள் கேட்கவே இல்லை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

"மத்தவங்க ரொம்பக் கிட்ட வந்தா தன்னையே முழுங்கிருவாங்கன்னு பயம் வருமாம். இது நான்."

"ம்" என்றார் என் கணவர்.

"மனசுக்குள்ள எப்பவும் ஒரு கதை ஓடிக்கிட்டே இருக்குமாம். இது நான். பாராட்டினாலும் திட்டினாலும் ஒண்ணும் தோணாதாம். இது நான் இல்ல. எனக்குத் தோணும். மூஞ்சியில வராது."

அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. மூச்சை விட்டால் நிறுத்திவிடுவாளோ என்று சாம்பார்க் கிண்ணத்தைக்கூட நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன். "விசேஷத்துக்குப் போனா எப்ப கெளம்பறதுன்னே யோசிப்பாங்களாம்" என்று அவள் படித்தபோது, என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்ணு, இது உனக்கு எழுதுனதா, எனக்கு எழுதுனதா?"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். இருபத்தைந்து வருடமாக எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு செருப்பைத் தேடுகிறவர் அவர். ஆணாக இருந்ததால் அதற்குக் 'கறாரான மனுசன்' என்று பெயர்.

கடைசித் தாளில், நெருக்கமான உறவை இவர்கள் விரும்புவதும் இல்லை, அனுபவிப்பதும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுத் தாள்களை மடித்தாள். 'இது நான்' என்றும் சொல்லவில்லை, 'நான் இல்ல' என்றும் சொல்லவில்லை. அந்த வரி எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

அதன் பிறகுதான் நாங்கள் அந்தக் காரியத்தைச் செய்தோம். குழந்தையை இனிமேல் தொந்தரவு செய்யக் கூடாது என்று பேசி, என் கணவரின் அண்ணன் மகளை இணைச்சீருக்கு நிற்கக் கேட்டுக்கொண்டோம். பெரியப்பா மகளும் தங்கை முறைதானே. பட்டுச் சேலைகூட எடுத்தாயிற்று. பெரிய உபகாரம் செய்துவிட்ட நிம்மதியோடு மகளிடம் சொன்னேன்.

அவள் முகத்தில் ஒன்றும் வரவில்லை. ஆனால் குடிக்க எடுத்த தண்ணீரைக் குடிக்காமலே மேஜையில் வைத்தாள்.

"எனக்கு வேண்டாம்னு உங்களுக்கு யாருங்ம்மா சொன்னா?"

"நீதான் கண்ணு, கல்யாணத்துக்கே கூப்பிடாதீங்கன்னே."

"அத்தை பேசினதுக்குச் சொன்னேன். அண்ணனுக்கு நான்தானே தங்கச்சி."

"அந்தக் கடைசித் தாள்ல..."

"அது நான் இல்ல. சொல்லியிருக்கணும். சொல்ல வரல. எனக்கு ஆசை இருக்குது. பக்கத்துல வந்து எல்லாரும் பேசறதுதான் பயம். சீர்ல நிக்கறப்ப யாரும் பேச மாட்டாங்க. என்ன செய்யணும்னு சீர் நடத்தற பெரியவர் சொல்லுவார். அங்க எனக்குப் பயமே கிடையாது. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான்."

அன்றைக்கு அவளே நிபந்தனைகளையும் சொன்னாள். நானே சேலை கட்டிவிட வேண்டும். அறையில் வேறு யாரும் கூடாது. வீடியோக்காரரின் லைட் முகத்துக்கு நேராக வரக் கூடாது. சீர் முடிந்ததும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. என் மகன், "உனக்கு அந்த லைட்டு ஆகாதுன்னா வீடியோவே வேண்டாம் போ" என்றான். "பின்னால நீயே வருத்தப்படுவே. லைட்டை மட்டும் தள்ளி வெக்கச் சொல்லு" என்றாள். கணவரின் அண்ணன் மகளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள், "அந்தச் சேலை எனக்குத்தானேங் சித்தி?" என்று கேட்டாள். அதோடு அது முடிந்தது.

கல்யாணத்தன்று சேலை மடிப்பை வைப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். "நான்தானேம்மா நிக்கப் போறேன்?" என்று அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளாக என்னைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மேளம் ஆரம்பித்தது. தலையில் கூடையை ஏற்றினார்கள். சீர் நடத்திய பெரியவர் சொல்லச் சொல்ல, அவள் ஒரு அடிகூடப் பிசகாமல் நடந்து அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். மண்டபம் முழுக்கப் பார்த்தது. கூடை அசையவில்லை. கெண்டித் தண்ணீர் தளும்பவில்லை. வாழ்த்துப் பாட்டு நீண்டுகொண்டே போயிற்று. கூட்டத்தில் கைக்குழந்தைகள் அழுதன. அவள் மட்டும் அந்தச் சத்தத்துக்கு நடுவில் தன் நூல் அறையில் நிற்கிறவளைப் போல அமைதியாக நின்றாள். என் மகனின் கண்கள்தான் கலங்கியிருந்தன. என் கணவர் முதல் பந்திக்குப் போகவில்லை.

"என்ன நிமிர்வு பாரு. நான் நின்னப்ப மூணு தடவ கூடை சரிஞ்சுது" என்றார் அவர் அக்கா, பக்கத்தில் இருந்தவர்களிடம், என்னைப் பார்க்காமல்.

சீர் முடிந்ததும் சொன்னபடியே இறங்கி வந்து, "முடிஞ்சுதுங்ம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் போய்க் கதவைத் தட்டுவேன். அன்றைக்கு நான் ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வந்தவர் என் கணவரின் அக்காதான். "புள்ளைய ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நவுரு."

"அப்பறமேட்டு வாங்க. இப்பத்தான் ரெஸ்ட் எடுக்கறா."

"நின்னதுக்கே ரெஸ்ட்டா?"

"ஆமாங்க. நின்னதுக்குத்தான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பின்னாலேயே வந்த இன்னும் சிலரையும் அப்படியே திருப்பி அனுப்பினேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இல்லை. கூட்டம் பந்திக்கு நகர்ந்த பிறகு, பின்னால் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு கொஞ்சம் திறந்தது.

"அம்மா, நீங்க வேணா உள்ள வந்து உக்காருங்க. ஒண்ணும் பேச வேண்டாம்."

போய் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலோரம் ஒரு புத்தகத்தைத் திறந்துகொண்டாள். மேளச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.