மூட்டைக்குச் சிரித்த கொட்டகை

எர்ணாகுளம் படகுக்கு இன்னும் நேரமிருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியின் வெயிலுக்குப் பயந்து ஒரு சினிமாக் கொட்டகையின் மதியக் காட்சிக்குள் நுழைகிறேன். தமிழ்ப் படம். நம் காலத்துக் கதாநாயகன் எப்படியோ அறுநூறு வருஷம் பின்னால் போய் ஒரு ராஜசபையில் விழுகிறான். டார்ச் லைட்டை அடிக்கிறான். ராஜா சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒளிகிறார். நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். என் பெஞ்சில் வேறு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மிளகுக் கிடங்குகளில் மூட்டை தூக்கும் தமிழ் ஆட்கள். தலையில் கட்டும் துண்டு மடியில் கிடக்கிறது.

அடுத்து ஒரு படித்துறை. ஆட்கள் வரிசையாக மிளகு மூட்டை சுமந்து போகிறார்கள். கதாநாயகன் நெஞ்சை நிமிர்த்துகிறான்: "எங்க காலத்துல மனுஷன் மூட்டை தூக்கறதே இல்ல மன்னா. எல்லாம் மிஷின்தான்!"

பெருமைக்காக எழுதிய வசனம் அது. கொட்டகையே சிரிப்பில் அதிர்கிறது. விசிலிலும் பெஞ்சைத் தட்டும் சத்தத்திலும் ராஜா சொன்ன பதில் எனக்குக் கேட்கவே இல்லை.

இடைவேளையில் சாயா குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்கிறேன். தேனிப் பக்கத்துக்காரர், இப்போது வீடு இங்கே பக்கத்துப் பள்ளுருத்தியில். "அந்த இடத்துல என்னண்ணே அவ்வளவு சிரிப்பு?"

அவர் சாயாவை ஆற்றுகிறார்.

"அங்க போயி அவன் திருதிருன்னு முழிக்கிறான் சாரே. எங்கள அந்தப் படித்துறையில எறக்கிவிட்டா ஒரு நிமிஷங்கூட முழிக்க மாட்டோம். நேரா போயி அடுத்த மூட்டைக்குத் தலையக் குடுத்துருவோம்."