மருந்து கேட்குமா?

ஈரலைத் தட்டிப் பார்ப்பது என் தொழில். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டெக்னீசியன். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. வலது விலாவில் கருவியை வைத்தால் அது மெல்லத் தட்டி, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும். ஈரல் புற்றுநோய்க்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்து ஏற்றுமுன் எங்கள் டாக்டர் இதையும் பார்ப்பார். ஈரல் இளக்கமாக இருந்தால் மருந்து கேட்க வாய்ப்பு கூட; இறுகியிருந்தால் குறைவு. வெறும் குறிப்புதான். ஆனால் வெளியே காத்திருப்பவர்களுக்கு நான் ஜோசியக்காரி. மெஷினோடு மாரடிக்கும் மகாஜனங்களே, உங்களுக்குத் தெரியாததா?

சக்கை

வடசேரிச் சந்தையில் பலாப்பழம், எங்கள் ஊர்ப் பேச்சில் சக்கை, விற்கும் பொன்னுலிங்கம் அண்ணாச்சியைப் படுக்கவைத்தேன். மெஷின் தட்டத் தட்டச் சிரிக்கிறார். அசைந்தால் அளவு கிடைக்காது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "என்ன அண்ணாச்சி சிரிப்பு?" என்று அதட்டினேன்.

"ஒண்ணுமில்ல மக்களே, நானும் சக்கைய இப்பிடித்தான் தட்டிப் பாத்து விக்கேன். பழுத்திருக்கா?"

கல்

மெஷின் இறுக்கத்தை எக்கச்சக்கமாகக் காட்டியது. டாக்டர் அண்ணாச்சியையும் அவர் மனைவி ராஜம் அக்காவையும் உட்காரவைத்து, "ஈரல் கல்லு மாதிரி இறுகியிருக்கு. மருந்து கேக்கிறது கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் போட்டுப் பாப்போம்" என்றார். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அண்ணாச்சி அசரவில்லை.

"பேரே கல்லீரல்தானே டாக்டரே, பின்ன பஞ்சு மாதிரியா இருக்கும்?"

வராந்தா

அக்கா என்னை வராந்தாவில் மறித்துக்கொண்டாள். "மருந்து கேக்குமா, கேக்காதா? எங்கிட்ட மட்டும் சொல்லு." "எனக்கெப்படிக்கா தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். சொன்னதுமே பாவமாகிவிட்டது. "மெஷின் சொல்றது தப்பவும் செய்யும்க்கா" என்றேன். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"தப்பட்டும். அந்த மனுசன் இல்லேன்னா நான் யாருகூட சண்டை போடுவேன்?"

கேட்டது

சில மாதம் மருந்து ஏறியது. பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில் கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. டாக்டரே இரண்டுமுறை பார்த்தார். அக்கா ஓட்டமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பின்னால் அண்ணாச்சி, ஒன்றும் நடக்காதவர்போல் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார். அக்கா அவரைக் கைகாட்டினாள்.

"தாலி கெட்டுன நாள்லயிருந்து நான் சொன்ன ஒரு பேச்சு கேக்காத மனுசன், மருந்து சொன்னதக் கேட்டுட்டாரு மக்களே!"

தான் கணித்தது பொய்த்துப்போனதற்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் வாங்கி ஊழியர் எல்லோருக்கும் கொடுக்கிற உத்தியோகம் வேறெங்காவது உண்டானால் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.